ஓய்வு பெறும் அப்பாவுக்கு லட்ச ரூபாய் பேனா வாங்கலாமா?

கேள்வி: நான் குலசேகரத்துக்காரன், திருவனந்தபுரத்தில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். அப்பா மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், வருகிற மே மாதம் ஓய்வு. மைப் பேனாவைத் தவிர வேறு எதிலும் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. அவருக்கு மான்ட்பிளாங்க் 149 என்ற ஜெர்மன் பேனாவை வாங்கித் தர வேண்டும் என்று இரண்டு வருடமாகப் பணம் சேர்க்கிறேன், லட்ச ரூபாயை ஒட்டி வருகிறது. 'ஒரு பேனாவுக்கா இவ்வளவு' என்று மனைவி கேட்கிறாள், எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. ஐந்நூறு ரூபாய் பேனாவுக்கும் இதற்கும் எழுதும்போது உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா? பிற்காலத்தில் விலை ஏறுமா? தாத்தா கொழும்பிலிருந்து கொண்டுவந்த பார்க்கர் 51 ஒன்றும் பீரோவில் கிடக்கிறது, மை இழுக்காது. அதைச் சரி செய்ய முடியுமா?

பதில்: தம்பி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். தாத்தாவின் பார்க்கரை யாரும் பலமாகத் திருகிப் பார்க்க வேண்டாம், நிப்பைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். அந்தப் பேனாவில் நிப்பு கூட்டுக்குள் மறைந்திருக்கும், நுனி மட்டும்தான் வெளியே தெரியும், அது தெரியாமல் குறடு வைத்து இழுத்துப் பாழாக்கிய பார்க்கர்கள் எத்தனையோ பேனா பழுது பார்க்கிற என் மேசைக்கு வந்திருக்கின்றன. பின்பாதியைக் கையால் மெதுவாகத் திருகுங்கள். முழுதாகக் கழன்று, உள்ளே ஒரு உலோகக் கூடும் அதில் விரலால் அழுத்துகிற பட்டையும் இருந்தால் அது 1948-லிருந்து வந்த வகை. அப்படியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், ஏனென்றால் அதில் மை பிடிக்கிற பை சாதாரண ரப்பர் கிடையாது, பிளாஸ்டிக், எழுபது வருடம் கழித்தும் பெரும்பாலும் கெடாமல் இருக்கும். காய்ந்து போன மைதான் அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு கிளாஸில் பச்சைத் தண்ணீர் எடுத்து, முன்பகுதி மட்டும் மூழ்கும்படி இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள், தண்ணீர் நிறம் மாற மாற மாற்றுங்கள், இடையிடையே பட்டையை அழுத்தி விடுங்கள். வெந்நீர் வேண்டாம். ஸ்பிரிட், தின்னர் பக்கமே போகக் கூடாது, உடம்பு வெடித்துவிடும். பின்பாதி கழலாமல், வால்பக்கத்தில் ஒரு சின்ன மூடி மட்டும் கழன்று உள்ளே அமுக்குகிற தண்டு தெரிந்தால் அது அதற்கு முந்தைய வகை, அதற்குள்ளே இருக்கிற ரப்பர் சவ்வு இத்தனை காலத்தில் நைந்திருக்கும், மாற்றித்தான் ஆக வேண்டும். அதை நீங்கள் தொடாமல் என்னிடம் கொண்டு வாருங்கள்.

சரி, விலை விஷயத்துக்கு வருவோம்.

நான் நாகர்கோவில் வடசேரியில் முப்பது வருடமாகப் பேனா விற்றும் பழுது பார்த்தும் வருகிறேன். உங்கள் ஆசையைச் சின்னதாகப் பேச மாட்டேன், எனக்கும் அது உண்டு. ஒரு நல்ல நிப்பு பேப்பரில் பட்டதும் அழுத்தாமலேயே மை இறங்கி, நாம் நினைக்கிற வேகத்துக்கு எழுத்து கூடவே வருகிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தவனுக்குப் பால்பாயின்ட் பேனா கையில் ஒட்டாது. ஆனால் அந்தச் சுகம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் எவ்வளவு பணம் கொடுக்கலாம் என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

பேனாவை எழுத வைப்பது இரண்டே இடம். நிப்புக்கு அடியில் வரிவரியாக வெட்டிய ஒரு துண்டு இருக்கும், ஃபீட் என்போம். மை வெளியே போகிற அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று மறிக்காமல் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் பேனா ஒன்று எழுதாது அல்லது கக்கும். அமெரிக்காவில் வாட்டர்மேன் 1884-ல் காப்புரிமை வாங்கியது இந்தக் கணக்குக்காகத்தான். இன்றைக்கு வருகிற ஐந்நூறு ரூபாய் பேனாவிலும் இந்தத் துண்டு ஒழுங்காகவே இருக்கிறது. இன்னொரு இடம் நிப்பின் நுனியில் ஒட்டியிருக்கிற கடுகை விடச் சின்ன உருண்டை. அது தங்கம் கிடையாது. ஆஸ்மியம், ருத்தேனியம் மாதிரியான கடின உலோகக் கலவை, பழைய பழக்கத்தில் இரிடியம் என்றே சொல்வோம். பதினெட்டு காரட் நிப்பு வாங்கினாலும் பேப்பரில் உரசுவது இந்த உருண்டைதான், தங்கம் பேப்பரைத் தொடுவதே இல்லை. அந்த உருண்டையை எப்படித் தேய்த்திருக்கிறார்கள், நடுவில் இருக்கிற பிளவின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்பதில்தான் கீறுவதும் வழுக்குவதும் இருக்கிறது. அந்தக் காலத்து மை அமிலத்தன்மை உள்ளது, இரும்பு நிப்பை அரித்துவிடும், அதனால் தங்கம் அவசியப்பட்டது. துருப்பிடிக்காத எஃகு வந்த பிறகு அந்தக் காரணம் போய்விட்டது. தங்க நிப்பு கொஞ்சம் மெத்தென்று இருக்கும் என்பது பல பேனாக்களில் உண்மைதான், ஆனால் ஆணி மாதிரி விறைப்பான தங்க நிப்பும் உண்டு, வளைந்து கொடுக்கிற எஃகு நிப்பும் உண்டு, வடிவம்தான் தீர்மானிக்கிறது. ஜெர்மனியில் போக், யோவோ என்று இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன, உலகத்தில் எத்தனையோ கம்பெனிகள் நிப்பை அவர்களிடம்தான் வாங்குகின்றன. சில ஆயிரம் ரூபாய்ப் பேனாவிலும் பல மடங்கு விலையுள்ள பேனாவிலும் ஒரே பட்டறை நிப்பை நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். (மான்ட்பிளாங்க் அப்படி இல்லை, ஹாம்பர்க்கில் தங்கள் நிப்பைத் தாங்களே செய்கிறார்கள், அந்த மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும்.)

கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு சோதனை செய்வேன். நான்கு பேனாவின் உடம்பை துணியால் சுற்றிக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்வேன். நானூறு, ஐந்நூறு ரூபாய் ஜப்பானின் பிளாட்டினம் கம்பெனி செய்கிற பிரெப்பி ஒன்று, ஆயிரத்துச் சொச்சத்தில் பைலட் ஒன்று, பதினான்கு காரட் நிப்போடு பதினைந்து இருபதாயிரம் விலையில் ஒன்று, பிறகு யாராவது பழுதுக்குக் கொடுத்த பெரிய பேனா, அதுவும் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான். முதல் இரண்டுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதிப் பேராவது சொல்லிவிடுகிறார்கள். மூன்றாவதையும் நான்காவதையும் பிரித்துச் சொன்னவர்கள் ரொம்பக் குறைவு. என் தீர்ப்பு அதிலேயே இருக்கிறது: இருபதாயிரம் வரைக்கும் நீங்கள் எழுதுவதற்குக் காசு கொடுக்கிறீர்கள். அதற்கு மேல் கொடுப்பது வேறு எதற்கோ. இன்னொன்றும் சொல்ல வேண்டும், அந்த நானூறு ரூபாய் பிரெப்பியின் மூடிக்குள் ஒரு ஸ்பிரிங் வைத்த உள்மூடி இருக்கிறது, ஒரு வருடம் மூடி வைத்தாலும் மை காயாது என்று கம்பெனியே சொல்கிறது. அந்த ஒரு விஷயத்தில் அது பல லட்ச ரூபாய்ப் பேனாக்களைத் தோற்கடிக்கும்.

அந்த 'வேறு எதற்கோ' என்பது தங்கத்துக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான நிப்புகள் ஒரு கிராமுக்குக் குறைவு. நிப்பில் 585 என்று இருந்தால் பதினான்கு காரட், அதில் சுத்தத் தங்கம் ஐம்பத்தெட்டரை சதவீதம்தான், 750 என்றால் முக்கால் பங்கு. இன்றைக்குத் தங்கம் விற்கிற விலையிலும் அது லட்சத்தில் ஒரு சின்னப் பங்குதான். உடம்பு விலையுயர்ந்த ரெசின் என்பார்கள், அது நல்ல பிளாஸ்டிக்தான், கல் தரையில் விழுந்தால் உடையும், உடைந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். இறக்குமதித் தீர்வை, ஜிஎஸ்டி, கடைக்காரர் பங்கு இதெல்லாம் உண்டு. மிச்சம் பெயருக்கு. மான்ட்பிளாங்க் 1906-ல் ஆரம்பித்தது, இப்போது ரிஷ்மோன் என்ற சுவிஸ் குழுமத்தின் கையில் இருக்கிறது, கார்டியே நகையும் அதே குழுமம்தான். ஆக, பேனா இப்போது நகை விற்கிற முறையில் விற்கப்படுகிறது. நிப்பில் 4810 என்று போட்டிருப்பார்களே, அது கம்பெனிக்குப் பெயர் கொடுத்த மான் பிளான் மலைக்கு வழக்கமாகச் சொல்கிற உயரம், மீட்டரில். ஜப்பான்காரர்களும் ஃபியூஜி மலையின் உயரத்தைப் பெயராக வைத்து பிளாட்டினம் 3776 என்று ஒன்று செய்கிறார்கள், மேலே சொன்ன மூன்றாவது பேனா அதுதான். பத்து வருடத்துக்கு முன்னால் நானும் சேர்த்து வைத்து ஒன்று வாங்கினேன், கடையின் தினக் கணக்கை அதில்தான் எழுதுகிறேன்.

பெயருக்குக் கொடுப்பது வேறு, கைவேலைக்குக் கொடுப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். என் கடைக்குப் பக்கத்துத் தெருக்களில் கோயில் நகை செய்கிறார்கள், நாகர்கோவில் கோயில் நகை என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. வெள்ளியில் தகடு தட்டி, சிவப்புக் கெம்புக் கல் ஒவ்வொன்றாகப் பதித்து, மேலே தங்க ரேக்கு ஒட்டுகிற வேலை. ஒரு ராக்கொடியைத் தராசில் வைத்து 'வெள்ளி இவ்வளவுதானே' என்று கேட்கிறவரிடம் ஆசாரி பேசவே மாட்டார், அதன் விலை எடையில் இல்லை என்பது நம் ஊரில் பரதம் ஆடுகிற சின்னப் பெண்ணுக்கும் தெரியும். ஜப்பானில் நாமிகி என்ற பெயரில் வருகிற மாகி-எ பேனாக்கள் அந்த மாதிரி. உருஷி என்று ஒரு மரத்தின் பால், நம்ம ரப்பர் பால் மாதிரியே பட்டையைக் கீறித்தான் எடுக்கிறார்கள், அதைப் பூச்சாகப் பூசி, ஈரப்பதம் உள்ள பெட்டியில் வைத்து இறுக வைத்து, தேய்த்து, மறுபடி பூசி, அது காய்வதற்குள் தங்கப் பொடியைத் தூவி மீனும் கொக்கும் வரைகிறார்கள். ஒரு பேனாவுக்குப் பல மாதம் ஆகும். அதற்குப் பல லட்சம் கேட்டால் எனக்குக் கோபம் வராது, ஒரு மனிதன் பல மாதம் உட்கார்ந்து செய்திருக்கிறான். அச்சில் வார்த்த உடம்புக்கு அதே விலை கேட்டால்தான் நான் யோசிப்பேன்.

பெயர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2009-ல் இதே மான்ட்பிளாங்க் காந்தியின் பெயரில் ஒரு பேனா வெளியிட்டது. தண்டி யாத்திரை 241 மைல் என்பதால் 241 பேனாக்கள், தங்க நிப்பில் காந்தி கோலூன்றி நிற்கிற உருவம், ராட்டை நூலை நினைவுபடுத்தத் தங்க இழை சுற்றியது, ஒன்று பதினோரு லட்சத்துக்கும் மேல். பக்கத்தில் கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போனது, 2010-ல் கம்பெனி இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. கன்னியாகுமரிக் கடலோரத்தில் காந்தி மண்டபம் இருக்கிற மாவட்டத்துக்காரன் நான், அந்தச் செய்தி வந்தபோது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஏனென்றால் காந்தி விரும்பிய பேனா எது என்பதற்குக் கடிதமே இருக்கிறது. முழுக்க உள்நாட்டிலேயே, எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்த பேனாவை ராஜமுந்திரியில் ரத்னம் என்பவர் அவருக்கு அனுப்பினார், கடையில் கிடைக்கிற வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்று 1935-ல் காந்தி பதில் எழுதினார். அந்தக் குடும்பம் ராஜமுந்திரியில் பேனா செய்து வந்திருக்கிறது.

விலை ஏறுமா என்று கேட்டீர்கள். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். 149 ஆண்டுதோறும் செய்கிற பேனா, 1952-லிருந்து வருகிறது, கடையை விட்டு வெளியே வந்ததும் விலை இறங்கும். அதே கம்பெனி 1992-ல் எண்ணிக்கை வைத்து வெளியிட்ட லொரென்சோ டி மெடிசி மாதிரி சில பதிப்புகள் விலை ஏறியது உண்மை, ஆனால் அது மை ஊற்றாமல் பெட்டியோடு வைத்திருந்தவர்களுக்கு. அப்பா எழுதாமல் பூட்டி வைக்கவா வாங்குகிறீர்கள்?

இங்கேதான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. சில வருடத்துக்கு முன்னால் ஒரு அம்மா ஒரு பெட்டியோடு வந்தார். கணவர் இறந்து ஆறு மாதம், துபாயிலிருந்து மகன் வாங்கிக் கொடுத்த பேனா, எவ்வளவுக்குப் போகும் என்று கேட்டார். திறந்து பார்த்தேன், நிப்பில் மை பட்ட அடையாளமே இல்லை. 'தொலைந்துவிடும் என்று பயந்து எடுக்கவே மாட்டார், பத்து ரூபாய் பேனாவில்தான் எழுதுவார்' என்றார். அந்த மகன் எவ்வளவு ஆசையாக வாங்கியிருப்பான் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நம் ஊர் அப்பாக்களை எனக்குத் தெரியும், தம்பி. முப்பத்தைந்து வருடம் சம்பளத்தை எண்ணிச் செலவு செய்தவரிடம் லட்ச ரூபாய்ப் பொருளைக் கொடுத்தால் அவர் அதைப் பத்திரப்படுத்துவார், பயன்படுத்த மாட்டார். விலையை மறைத்துச் சொல்லலாம் என்றும் நினைக்காதீர்கள், யாராவது ஒரு உறவுக்காரர் போனில் தேடிச் சொல்லிவிடுவார்.

ஓய்வுக்குப் பிறகு அவர் என்ன எழுதுவார் என்று யோசியுங்கள். உங்கள் வீட்டில் ரப்பர் இருக்கும் என்று நினைக்கிறேன், குலசேகரத்தில் இல்லாத வீடு குறைவு. ஷீட் எத்தனை கிலோ, வெட்டுகிறவருக்குக் கூலி எவ்வளவு, மழைக்கு எத்தனை நாள் வெட்டு நின்றது, இந்தக் கணக்கு. பஞ்சாயத்துக்கு மனு. பழைய மாணவர்களின் கல்யாணத்துக்கு வாழ்த்து. இதற்கெல்லாம் சட்டைப் பையில் தைரியமாகக் குத்திக்கொண்டு போகிற பேனா வேண்டும்.

நான் சொல்வது இது. திருவள்ளூரில் ரங்கா என்று ஒரு குடும்பம் கடைசலில் கையால் எபோனைட் பேனா செய்கிறது. எபோனைட் என்பது ரப்பர்தான், கந்தகத்தை நிறையச் சேர்த்து வேகவைத்தால் கொம்பு மாதிரி இறுகிவிடும். கையில் பிடித்தால் பிளாஸ்டிக் மாதிரி சில்லென்று இருக்காது, வியர்த்தாலும் வழுக்காது. ரப்பர் தோட்டத்துக்காரருக்கு ரப்பரிலேயே பேனா, எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்திருக்கிறது. அவர் கைக்கு ஏற்ற தடிமன், நீளம் சொல்லிச் செய்யச் சொல்லலாம், ஜெர்மன் எஃகு நிப்பு போட்டால் சில ஆயிரத்தில் முடியும். டிராப்பரில் மை ஊற்றுகிற வகை வேண்டாம், மை குறையும்போது கைச்சூட்டில் உள்ளே காற்று விரிந்து கக்கும், வெள்ளைச் சட்டை போடுகிறவருக்கு அது ஆபத்து, கன்வெர்ட்டர், அதாவது மையை உறிஞ்சிக்கொள்கிற கழற்றி மாட்டும் சின்னக் குழாய், போடுகிற வகையாகக் கேளுங்கள். வெயிலில் வைத்தால் கறுப்பு எபோனைட் பழுப்படிக்கும், அதை மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம், அந்த மாதங்களில் பேப்பர் ஈரம் குடித்து மை ஊறும், அதனால் நிப்பு நடுத்தரத்தை விட ஒரு படி மெலிதாக இருக்கட்டும்.

இதோடு தாத்தாவின் பார்க்கரைச் சரி செய்து கொடுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் நீங்கள் சேர்த்ததில் பத்தில் ஒரு பங்கு தாண்டாது.

மனசு இன்னும் 149-லேயே நிற்கிறது என்றால் அதையும் தப்பு என்று சொல்ல மாட்டேன், உங்கள் உழைப்புப் பணம். ஆனால் அப்பாவுக்கு வேண்டாம், உங்களுக்கு என்று வாங்குங்கள், வாங்குவதற்கு முன் கையில் பிடித்து ஒரு பக்கமாவது எழுதிப் பாருங்கள். அது தடித்த பேனா, சின்னக் கைக்கு அரை மணி நேரத்தில் வலிக்கும். கம்பெனி அங்கீகரித்த கடையைத் தவிர வேறு எங்கும் வாங்காதீர்கள். உலகத்திலேயே அதிகம் போலி செய்யப்படுகிற பேனாக்களில் அது ஒன்று, நிப்பில் இருக்கிற எண்ணும் மூடியில் இருக்கிற வெள்ளை நட்சத்திரமும் அச்சு அசலாகப் போட்டு விற்கிறார்கள், வாங்கிவிட்டுப் பிறகு என்னிடம் காட்டினால் எனக்கே சொல்லக் கஷ்டமாக இருக்கும். மனைவிக்கும் விலையைச் சொல்லிவிட்டு வாங்குங்கள், ஒளித்து வைத்த பேனாவில் எழுதுவது சுகமில்லை.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். அப்பா எழுதிய பழைய நோட்டு ஒன்றிலிருந்து இரண்டு பக்கம் போட்டோ எடுத்து வையுங்கள், முடிந்தால் அவர் தேய்த்துத் தேய்த்து எழுதிய பழைய பேனா ஒன்றையும் அவருக்குத் தெரியாமல் எடுத்து வாருங்கள். அவர் எந்தப் பக்கம் சாய்த்து எழுதுகிறார், எவ்வளவு அழுத்துகிறார் என்பது நிப்பு தேய்ந்த விதத்திலேயே தெரிந்துவிடும், புதுப் பேனாவின் நிப்பை அதற்குத் தக்கபடி தேய்த்துத் தருகிறேன். பேனா செய்து வர நாளாகும், அதனால் பிப்ரவரிக்குள் சொல்லிவிடுங்கள். பச்சை மை ஒரு பாட்டிலும் வாங்கிக்கொள்ளுங்கள், தலைமையாசிரியராகப் போடுகிற கடைசிக் கையெழுத்தை அவர் அந்தப் பேனாவிலேயே போடட்டும்.